அங்கேயும் ஃபைன், இங்கேயும் ஃபைன்

ஜூலை 6

இந்த டைரி பொங்கலுக்கு ஒரு நகைக்கடையில் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு பெண் ஆரம் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். அவ்வளவு எடையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு எப்படித்தான் சிரிப்பு வருகிறதோ. இதுவரை இதில் சிலிண்டர் வந்த தேதிகளும் மோட்டார் ரிப்பேர்க்காரர் போன் நம்பரும் மட்டும்தான் எழுதியிருக்கிறேன். இன்று எழுத வேறு விஷயம் கிடைத்தது.

காலையில் என் மகளுக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன். ஆடிக்கு முன்னாலேயே காற்று ஆரம்பித்துவிட்டது, முருங்கை ஒடிந்து பக்கத்து வீட்டு மதில் மேல் விழுந்தது, அவர்கள் சண்டைக்கு வராமல் காயைப் பறித்துக்கொண்டார்கள், உனக்கு இருமல் நின்றதா, மாப்பிள்ளை எப்படி இருக்கிறார், வேளைக்குச் சாப்பிடுகிறாயா. சாயங்காலம் பதில் வந்தது. ஒரே சொல்.

"ஃபைன்."

யார் ஃபைன்? முருங்கை மரமா?

அவளுக்குக் குழல்வாய்மொழி என்று பெயர் வைத்தவர் அவள் அப்பா. குற்றாலத்து அம்மன் பெயர். குழல்போல இனிக்க இனிக்கப் பேசுவாள் என்று நினைத்தார். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. குழலி இப்போது இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் இருந்துகொண்டு வாரத்துக்கு ஒரு சொல் வாசிக்கிறாள்.

ஜூலை 7

அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரி அலுவலகத்தில் நான் வேலை பார்த்தேன். பாதிக் காலம் அபராதம் கட்டும் ஜன்னலில். ஃபீஸ் தாமதமா, ஐடி கார்டு தொலைந்ததா, சோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை உடைந்ததா, எல்லாரும் என் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'ஃபைன் மேடம்'. புதிதாக வந்த பிரின்சிபல் அதைக் கேட்டு, பிள்ளைகளுக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று பூரித்துப்போனார். நான் திருத்தவில்லை.

எனக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். தப்பு பண்ணினால் கட்டுவது.

ஜூலை 12, ஞாயிறு

வீடியோவில் குழலி. முன்பெல்லாம் அவள் பின்னால் மஞ்சள் சுவர் தெரியும். அதில் கல்யாணப் போட்டோ மாட்டியிருக்கும். இரண்டு மூன்று மாதமாக வெள்ளைச் சுவர், பக்கத்தில் கைப்பிடி இல்லாத ஒரு அலமாரிக் கதவு.

"என்னட்டி, வீடு மாறிட்டியா?"

"இல்லம்மா. பெயின்ட் அடிக்காங்க."

"மாப்ள எங்க?"

"ஆபீஸ்லம்மா."

"ஞாயித்துக்கிழமையா?"

"வேல ஜாஸ்திம்மா."

வெள்ளைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்குகிறார்கள் போலிருக்கிறது. இப்படி உழைத்துத்தான் அத்தனை நாட்டைப் பிடித்தார்கள்.

குளிர் எப்படி என்று கேட்டேன். "வெதர் ஃபைன்" என்றாள். அவள் தலைக்குப் பின்னால் ஜன்னலில் மழை சாட்டையால் அடிப்பதுபோல் அடித்துக்கொண்டிருந்தது.

"நீ எப்படிம்மா இருக்க?" என்று கேட்டாள்.

நானும் அதே சொல்லைச் சொன்னேன். அம்மாவும் மகளும் ஒற்றுமையாக இருப்பது நல்லதுதானே.

ஜூலை 14

செய்யதலி பாத்திமா வந்தாள். என்னோடு அதே அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தவள். மேலப்பாளையத்தில் வீடு. ஊரில் எல்லாருக்கும் பாத்திமா, எனக்குப் பாத்து. வந்து உட்கார்ந்ததும் டீயைக்கூடத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா செம்பகம், எதுக்கு எடது கைய ஒடம்போட ஒட்டி வச்சிக்கிட்டே இருக்க?"

சுளுக்கு என்றேன். டைப் அடித்துப் பழகிய விரல்கள் அவளுடையவை, சரியான இடத்தில் போய்த் தட்டும். கதவைச் சாத்திவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் இரண்டு பேரும் முருங்கை மரத்தைப் பற்றிப் பேசினோம்.

இடது மார்பில் ஒரு கட்டி. புளியங்கொட்டை அளவு. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது. எத்தனை நாளாக என்று பாத்து கேட்டாள். சும்மா வாடகை இல்லாமல் குடியிருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்திருந்தேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. நல்ல நகைச்சுவைக்கு மரியாதை இல்லாத ஊர்.

ஜூலை 16

டாக்டர் ஜெபசெல்வி. என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். கை சூடாக இருந்தது. பெரும்பாலான டாக்டர்கள் ஐஸ்பெட்டியிலிருந்து கையை எடுத்து வருகிறவர்கள்.

அமுக்கிப் பார்த்தாள், அக்குளில் தேடினாள், படம் எடுக்க அனுப்பினாள். படத்தைப் பார்த்துவிட்டு, "ஃபைன் நீடில் போட்டுப் பாத்துருவோம்மா" என்றாள்.

"ஊசிக்குமா ஃபைன்?"

"மெல்லிசான ஊசிம்மா. உள்ள இருந்து கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்புவோம். அவ்வளவுதான்."

மெல்லிய ஊசிதான். ஆனால் குத்தின இடம் அதை நம்பவில்லை. நான் கூரையில் ஓடிய காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே பெஞ்சில் பாத்து கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "டீ குடிப்போமா?" என்றாள். இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் டீ மட்டும் எப்படி இவ்வளவு மோசமாகப் போடுகிறார்கள் என்று வீடு வரும்வரை பேசினோம்.

குழலிக்குச் சொல்லவேண்டாம் என்று பாத்துவிடம் சத்தியம் வாங்கினேன். பிள்ளை அங்கே சந்தோஷமாக இருக்கிறாள், எதற்குக் கலைக்க வேண்டும்?

ஜூலை 18

அலமாரியிலிருந்து பழைய ஆங்கிலம்-தமிழ் அகராதியை எடுத்தேன். அட்டை இல்லை, பூச்சி அரித்திருக்கிறது. அந்தச் சொல் மட்டும் பத்திரமாக இருந்தது.

அபராதம். நேர்த்தியான. நுண்ணிய. மெல்லிய. பொடியான. மப்பு மந்தாரம் இல்லாத. உடல்நலத்துடன் இருக்கிற. கலைகளுக்கு முன்னால் போட்டால் நுண்கலை. தங்கத்துக்கு முன்னால் போட்டால் சொக்கத்தங்கம்.

ஆங்கிலேயர்களுக்குச் சொற்பஞ்சம் போல. தண்டனைக்கும் ஆரோக்கியத்துக்கும் ஒரே சொல்லை வைத்து ஓட்டியிருக்கிறார்கள். அகராதிக்காரர் ஒரு அர்த்தத்தைத் தவறவிட்டுவிட்டார். 'இதற்குமேல் கேட்காதே.' அவருக்கு வெளியூரில் மகள் இல்லை போலும்.

ஜூலை 23

மிளகாய்ப்பொடி தீர்ந்துவிட்டது. வற்றல், மல்லி, சீரகம், மஞ்சள் எல்லாம் வெயிலில் காய வைத்து மில்லுக்கு எடுத்துப் போனேன். வழியில் ஆஸ்பத்திரி. ரிசல்ட் வாங்கிக்கொண்டேன்.

மில்லில் நல்ல கூட்டம். "நைஸா அரைக்கவா, கொரகொரன்னு இருக்கட்டுமா?" என்று மில்காரர் கேட்டார். நைஸாக என்றேன். தும்மல் வந்தது. கண் எரிந்தது. மில்லில் எல்லாருக்கும் கண் எரியும், அதனால் யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. மிளகாய் அரைக்கும் மில்லைப்போல வசதியான இடம் வேறு கிடையாது.

ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி காலை ஆபரேஷன். இடது பக்கத்தை முழுவதும் எடுத்துவிட வேண்டுமாம்.

பொடி நன்றாக வந்திருக்கிறது. டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

ஜூலை 24

குழலி: "எப்படிம்மா இருக்க?"

நான்: "ஃபைன்."

இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன்.

ஜூலை 29

பாத்துவோடு போய் முன்னால் பொத்தான் வைத்த நைட்டி இரண்டு வாங்கினேன். கையைத் தூக்க முடியாதாம். கடைப் பெண், "பேறுகாலத்துக்காம்மா? மகளுக்கா?" என்று கேட்டாள். முன்பொத்தான் நைட்டி வேறு எதற்கு விற்கும்? "ஆமா" என்றேன். "நல்லபடியா நடக்கும்மா" என்றாள். பாத்து தெருவுக்கு வந்த பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் என்பதால் இருக்கும்.

ஆகஸ்ட் 2

காலையில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் கார் வந்து நின்றது. இறங்கியது குழலி.

சொல்லவில்லை, கொள்ளவில்லை. ஆள் பாதியாகிவிட்டாள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. என்னைக் கட்டிப்பிடிக்க வந்தாள். நான் இடது பக்கத்தைத் திருப்பிக்கொண்டு வலது தோளைக் கொடுத்தேன். ரயிலில் நெரிசலில் நிற்பவர்கள்போல நின்றோம்.

"சர்ப்ரைஸ்மா" என்றாள். குரலில் சர்ப்ரைஸ் எதுவும் இல்லை.

"மாப்ள வரலியா?"

"லீவு கெடைக்கல. நான் மட்டும் ரெண்டு வாரம்."

டிரைவர் பெட்டிகளை இறக்கினார், இறக்கினார், இறக்கிக்கொண்டே இருந்தார்.

எனக்கு உள்ளே முதலில் ஓடியது சந்தோஷம் இல்லை. தேதி. ரெண்டு வாரம் என்றால் ஆகஸ்ட் பதினாறு. எனக்குப் பதினொன்று.

ஆகஸ்ட் 3

சொதி வைத்தேன். அவளுக்குப் பிடிக்கும். தேங்காய்ப்பால் எடுக்கும்போது கை வலித்தது, மிக்ஸியில் போட்டுப் பிழிந்தேன். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற சாப்பாடு அது. மாப்பிள்ளை இல்லாத சொதியும் ருசியாகத்தான் இருக்கிறது.

அவள் தூங்கும்போது பெட்டியிலிருந்து அழுக்குத் துணி எடுக்கப் போனேன். இரண்டு வார லீவுக்கு அவள் கொண்டுவந்தவை: குளிருக்குப் போடும் கனத்த கோட்டு, அதுவும் திருநெல்வேலிக்கு. அவளுடைய சான்றிதழ்கள் எல்லாம் இருக்கிற ஃபைல். அப்பா போட்டோ. கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த பிரஷர் குக்கர்.

எழுந்ததும் கேட்டேன். "குக்கர எதுக்குட்டி தூக்கிட்டு வந்த?"

"ரப்பர் போயிட்டும்மா. இங்கன மாத்திரலாம்னு."

ஒரு ரப்பருக்காக ஏழு கடல் தாண்டி வந்த குக்கர். சிக்கனமான பிள்ளை. நான்தான் வளர்த்தேன்.

ஆகஸ்ட் 4

அவள் குளிக்கப் போன நேரத்தில் மாடிக்குப் போய் டாக்டருக்குப் போன் செய்தேன். ஆபரேஷனைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா, மகள் ஊரிலிருந்து வந்திருக்கிறாள், அவள் கிளம்பின பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

"எம்மா, இது கல்யாண மண்டபம் புக்கிங் இல்ல. மக வந்திருக்கான்னா நல்லதுதான? கூட இருந்து பாத்துப்பா."

"அவளுக்குத் தெரியாதும்மா."

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க. ஆனா தள்ளிப்போடுறது சரியில்ல" என்றாள்.

நான் யோசித்துவிட்டேன். மறுநாள் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

(மறுநாள் நடந்ததை இன்றைய பக்கத்தில் எழுதிவிட்டேன். ஐந்தாம் தேதிப் பக்கத்துப் பெண்ணுக்கு மூக்குத்தி கோணலாக இருக்கிறது, அதில் எழுதப் பிடிக்கவில்லை.)

ஆகஸ்ட் 6

நான் ஆபரேஷனை வேண்டாம் என்றது பாத்துவுக்குத் தெரிந்துவிட்டது. மார்க்கெட்டில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நிறுத்தி வைத்துக் கத்தினாள்.

"ஒனக்குக் கோட்டி கீட்டி புடிச்சிருக்கா? அது உள்ள வளந்துக்கிட்டு இருக்கு. நீ மகளுக்குச் சொதி வச்சிக்கிட்டு இருக்க!"

"அவ போனதும் போய்ப் படுத்துக்கிடுதேன்."

"அவ எப்ப போவா?"

"பதினாறு."

"டிக்கெட்டப் பாத்தியா?"

பார்க்கவில்லை. பார்த்தால் தேதி இருக்க வேண்டும் அல்லவா.

"ரெண்டு நாள் தாரேன்" என்றாள் பாத்து. "அதுக்குள்ள நீயே சொல்லல, நான் வந்து சொல்லுவேன். சத்தியத்துக்கு நான் அல்லாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."

தக்காளிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கூடவே இரண்டு தக்காளி சும்மா போட்டார். அவருக்கு என்ன புரிந்ததோ.

ஆகஸ்ட் 7

குழலி பகலெல்லாம் படுத்திருக்கிறாள். பயணக் களைப்பாம். ஐந்து நாள் களைப்பு.

மத்தியானம் அவளுடைய போன் சாப்பாட்டு மேஜையில் கிடந்து துடித்தது. திரையில் 'ஹரீஷ்' என்று மாப்பிள்ளை பெயர். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"யாருட்டி?"

"பேங்க்மா. லோன் வேணுமான்னு கேப்பாங்க."

லோன் கொடுக்க இப்படி விடாமல் கூப்பிடுகிற பேங்க் நல்ல பேங்க்தான். நான் ரசத்தை ஊற்றினேன். எனக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். தூரத்தில் இருப்பது எனக்கு நன்றாகவே தெரியும். கிட்டே இருப்பதுதான் தெரியாது.

ஆகஸ்ட் 8

பாத்து கொடுத்த கெடு இன்று. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தேதியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று தீர்மானித்தேன். அவள் என்றைக்குப் போகிறாள் என்று தெரிந்தால், அதற்கு அடுத்த நாளுக்கு டாக்டரிடம் கெஞ்சிக்கொள்ளலாம். பாத்துவின் வாயையும் அடைக்கலாம்.

மதியம் மூன்று மணி இருக்கும். சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். எதிரும் புதிருமாகத் தரையில்.

"எப்பட்டி கெளம்புத?" என்றேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வந்து ஒரு வாரங்கூட ஆகல. போகச் சொல்லுதியா?"

"இல்லட்டி, டிக்கெட் எந்தத் தேதின்னு..."

"டிக்கெட் இல்ல."

"இல்லன்னா?"

"போறதுக்கு டிக்கெட் எடுக்கல. எடுக்கவும் மாட்டேன். ஏன், பக்கத்து வீட்ல கேக்காங்களா? மாப்ள எங்கன்னு கேக்காங்களா? நான் வேணா எங்கயாவது ஹாஸ்டல்ல போய் இருந்துக்கிடுதேன். ஒனக்குக் கஷ்டம் வேண்டாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இவ்வளவு சொற்கள் அவளிடம் இருந்தனவா என்று இருந்தது.

பிப்ரவரியில் அவளுக்குக் குழந்தை உண்டாகிக் கலைந்துபோனது. உண்டானதையே என்னிடம் சொல்லவில்லை, மூன்று மாதம் கழித்துச் சொல்லலாம் என்று இருந்தாளாம். ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துவிட்டு, இனிமேல் டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஹரீஷ் சிநேகிதர்களோடு முன்னமே போட்ட டூருக்குப் போய்விட்டான். டிக்கெட் கான்சல் பண்ண முடியாதாம். திரும்பி வந்ததும், "நீதான் ஃபைன்னு மெசேஜ் போட்டியே" என்று கேட்டானாம்.

"அடிச்சானாட்டி?"

"இல்லம்மா. அடிச்சா சொல்லதுக்கு வசதி. அடிக்கல்லாம் மாட்டான். நான் அழுதா பக்கத்து ரூமுக்குப் போயி டிவி சத்தத்தக் கூட்டி வச்சுக்கிடுவான். நல்லவன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

ஏப்ரலில் அவள் வீட்டைவிட்டு வந்து ஒரு தெலுங்குப் பெண்ணோடு ஒரே அறையில் தங்கியிருக்கிறாள். வெள்ளைச் சுவர், கைப்பிடி இல்லாத அலமாரி. போன மாதம் வேலையும் போயிற்று.

"ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப நீ மெசேஜ் போட்டிருந்த. சாப்டியான்னு. ரத்தம் நிக்கல எனக்கு. என்னத்தப் போட? ஃபைன்னு போட்டேன். நீ உடனே இன்னொண்ணு போட்டே, ஒத்த வார்த்தைல பதில் சொல்லுதியேட்டி, பெத்தவ மேல அவ்வளவு சலிப்பான்னு."

போட்டேன். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"இப்பவும் எப்பப் போவேன்னு கேக்க" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

அவள் வலது கையைப் பிடித்து இழுத்தேன். வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. அந்தக் கையை ஜாக்கெட்டுக்குள் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு விரல்கள் நின்றன. பிறகு மெதுவாக அழுத்திப் பார்த்தாள், ஒரு பக்கம், இன்னொரு பக்கம். முகத்தில் இருந்த கோபம் எங்கோ போய்விட்டது. ஏழு வயதில் கோவில் கூட்டத்தில் என் கையை விட்டுத் தொலைந்து திரும்பக் கிடைத்தபோது இருந்த முகம்.

"எம்மா. இது என்னம்மா?"

"பதினோராம் தேதி ஆபரேஷன்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். நீ போகட்டும்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அதான் கேட்டேன்."

"நான் போறதுக்கா?"

"நீ போறதுக்கு."

"நான் போகவே மாட்டேனேம்மா!"

"அது எனக்கு எப்படித் தெரியும்? நீதான் ரெண்டு வாரம் லீவுன்னியே."

அதற்குப் பிறகு என்ன செய்தோம் என்று விரிவாக எழுத விருப்பமில்லை. தரை முழுக்க வெங்காயம் இருந்தது, அதனால்தான் என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் பாத்து கெடு முடிந்ததென்று விறுவிறுவென்று உள்ளே வந்தாள். சொல்ல வேண்டியதை எல்லாம் வழி நெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பாள். எங்களைப் பார்த்ததும் அத்தனையும் வீணாகிவிட்டது. அவளும் உட்கார்ந்து மிச்ச வெங்காயத்தை உரித்தாள்.

ஆகஸ்ட் 9

குழலி பதவி ஏற்றுக்கொண்டாள். காலையிலிருந்து எனக்கு வீட்டில் அதிகாரம் எதுவும் இல்லை.

டாக்டருக்கு அவளே போன் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை என்று நான் தடுத்தேன், கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டாள்.

"டாக்டர், எங்கம்மா கேன்சல் பண்ணுன தேதி திரும்பக் கெடைக்குமா?"

"உங்கம்மா கேன்சல் பண்ணுனாங்க. நான் பண்ணல" என்றாள் டாக்டர். "நாளைக்கு சாயந்தரம் கூட்டிட்டு வாங்க. அவங்க பேச்ச இனிமே கேக்காதீங்க."

இரண்டு பேரும் என்னைப் பற்றி என் முன்னாலேயே இன்னும் கொஞ்ச நேரம் பேசினார்கள். அரசாங்க அலுவலகத்தில் ஃபைல் இருப்பதுபோல நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு மத்தியானம் அயர்ந்து தூங்கினேன்.

ஆகஸ்ட் 10

அட்மிட் ஆகிவிட்டேன். கையெழுத்துப் போட ஒரு பாரம் கொண்டுவந்தார்கள். அடியில் எறும்பு ஊர்வதுபோல் பொடி எழுத்து. "ஃபைன் பிரிண்ட் எல்லாம் படிக்க வேண்டாம்மா, எல்லாரும் சும்மாதான் போடுவாங்க" என்றாள் நர்ஸ். அந்தச் சொல் ஆஸ்பத்திரிவரை பின்னாலேயே வந்துவிட்டது.

குழலி பாரத்தை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் கேள்வி. நர்ஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பயமாக இருக்கிறதா என்று குழலி கேட்டாள். வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது.

"ஆமாட்டி. பயமாத்தான் இருக்கு" என்றேன்.

"எனக்குந்தாம்மா" என்றாள்.

கட்டில் சிறியது. அவள் கால்மாட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 11

காலையில் இருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தரவில்லை. இதை எழுதும்போதே தள்ளுவண்டி வந்துவிட்டது. டைரியைக் குழலியிடம் கொடுக்கிறேன். படிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். படிப்பாள்.

ஆகஸ்ட் 14

படித்திருக்கிறாள். ஜூலை இருபத்து மூன்றாம் தேதிப் பக்கத்தில் ஒரு ஓரம் ஈரத்தில் நைந்திருக்கிறது.

எடுத்துவிட்டார்கள். கட்டு பெரிதாக இருக்கிறது. நீர் வடிவதற்கு ஒரு குழாய், அளவு குறித்த டப்பாவோடு தொங்குகிறது. அதை எங்கே போனாலும் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். நேற்று முதல் தடவையாக நடந்தேன். ஒரு பக்கம் சாய்கிறதுபோல இருந்தது. குழலி கண்ணாடியை மறைத்துக்கொண்டு நின்றாள். "நகருட்டி" என்றேன். நகர்ந்தாள். பார்த்தேன். கட்டு மட்டும்தான் தெரிந்தது. கட்டு பிரித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எடுத்ததை மறுபடியும் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். மருந்து ஏற்ற வேண்டியிருக்கும், முடி கொட்டும் என்றாள் டாக்டர். ஒளிக்காமல் சொன்னாள். அதற்காகவே அவளைப் பிடித்துப்போயிற்று.

ஹரீஷ் மறுபடியும் கூப்பிட்டான். இந்தத் தடவை குழலி போனைக் கவிழ்க்கவில்லை. எடுத்து, "அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு. நான் திரும்பி வரல. மத்தத வக்கீல் பேசுவாங்க" என்று சொல்லி வைத்தாள். வைத்தபிறகு கை நடுங்கியது. என் குழாயைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அதைப் பிடித்தால் நடுங்கக் கூடாது, அளவு தப்பிவிடும். நடுக்கம் நின்றது.

ஆகஸ்ட் 16

சாயங்காலம் என் வீட்டுக்காரரின் அக்கா ஆவுடையம்மாள் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தாள். எழுபது வயதில் இரண்டு பஸ் மாறி, ஒரு பை ஆப்பிளோடு. சொந்தத்தில் எங்கே என்ன நடந்தாலும் முதலில் தெரிந்துகொள்ளவும் அடுத்து ஊருக்குச் சொல்லவும் பிறந்தவள். யார் அவளுக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. காற்று சொல்லியிருக்கும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குழலியை.

"ஏதோ கர்ப்பப்பைக் கோளாறுன்னு சொன்னாங்க. சின்ன ஆபரேஷன்தானாமே? ஏளா குழலி, நீ எப்படி இருக்க? மாப்ள எப்ப வாராரு? தனியாவா வந்த? விசேஷம் ஒண்ணும் இல்லியா இன்னும்?"

குழலி சிரிக்க முயற்சி செய்தாள். லீட்ஸிலிருந்து வீடியோவில் வருமே, அந்தச் சிரிப்பு. வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும்.

நான் தலையணையைச் சரித்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். வலித்தது.

"மைனி, நான் சொல்லுதேன். எனக்குக் கர்ப்பப்பைல்லாம் நல்லாத்தான் இருக்கு. மார்ல புத்துநோய். ஒரு பக்கத்த எடுத்துட்டாங்க. முடியும் கொட்டுமாம். இவளுக்குப் பிள்ள உண்டாகிக் கலஞ்சு போச்சு. அந்த நேரத்துல அவன் ஊர் சுத்தப் போயிட்டான். அதனால அவன விட்டுட்டு வந்துட்டா. இனிமே போக மாட்டா. இங்கதான் இருப்பா, என்கூட. வேற ஏதாவது கேக்கணுமா?"

வார்டில் பக்கத்துக் கட்டில்காரி இருமலை நிறுத்திவிட்டுக் கேட்டாள். குழலி என்னைப் பார்த்தபடி நின்றாள். இவ்வளவு செய்தி ஒரே மூச்சில் ஆவுடையம்மாளுக்குக் கிடைத்ததே இல்லை. அம்பாசமுத்திரம் முழுக்கச் சொல்ல ஒரு மாதம் ஆகும். போய்ச் சொல்லட்டும்.

ஆனால் அவள் பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து முந்தானையில் துடைத்தாள். கத்தி இருக்கிறதா என்று கேட்டு வாங்கினாள். தலையைக் குனிந்துகொண்டு, தோல் அறுபடாமல் சுற்றிச் சுற்றி உரித்தாள். ரொம்ப நேரம் உரித்தாள். பிறகு துண்டு போட்டு, முதல் துண்டைக் குழலியின் கையில் வைத்து, அந்தக் கையை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்புடு தாயி" என்றாள்.

ஆபரேஷன் நடந்தது எனக்கு.